பழைய வண்டி புது வண்டியைவிட விலை கூடியிருந்த காலம்

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். சிறிய கார்கள் மீதான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "மாமா, புதுசே எடுத்துடட்டுமா? இல்ல, நல்ல செகண்ட் ஹேண்டா ஒண்ணு பார்க்கட்டுமா?" என்றான். கைவசம் இருந்த தொகைக்குப் புதிதாக ஒரு சிறிய கார் வரும். அதே தொகைக்கு ஐந்து ஆண்டுகள் ஓடிய, இன்னும் பெரிய கார் ஒன்றும் வரும். அவன் என்னிடம் எதிர்பார்த்தது ஒரு சொல் விடை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்கையில் கணக்கு நினைவுக்கு வரவில்லை. 1968ஆம் ஆண்டு தை மாதத்தில் திருச்சியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரு நீலநிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. மூன்றாண்டுகள் வேறொருவரிடம் ஓடிய வண்டி. அதற்கு என் தந்தை கொடுத்த விலை, ஷோரூமில் நிற்கும் புதிய ஹெரால்டின் விலைக்குச் சற்று மேல். இன்றைய இளைஞர்களுக்கு இதைச் சொன்னால் அப்பா ஏமாந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். அவர் ஏமாந்தது உண்மைதான். ஆனால் விலையில் அல்ல. அந்த விலை அன்றைய நியாய விலை. பழையதா புதியதா என்னும் கேள்வி ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு கேள்வியாக இருந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்த வண்டியிலிருந்து தொடங்குவதே எனக்கு வசதி. ஆனால் அதற்கு முன் அமெரிக்கா வரை ஒருமுறை போய்வர வேண்டும்.

*

இந்தக் கேள்வி பிறந்த இடம் அமெரிக்கா; பிறந்த காலம் 1920கள். அதற்கு முன் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் முதன்முறையாக வாங்குகிறவர். ஹென்றி ஃபோர்டு 1908ல் கொண்டுவந்த மாடல் டி வண்டியின் விலையை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்தார். 1920களின் நடுவில் அதன் மிக எளிய வடிவம் 260 டாலருக்குக் கிடைத்தது. இதற்குமேல் மலிவாக யாராலும் கார் விற்க முடியாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் சேர்க்க மறந்த போட்டியாளர் ஒருவர் இருந்தார்: பழைய கார்.

கூரையும் கண்ணாடியும் உள்ள, இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய ஒரு நல்ல வண்டி, திறந்த உடலுடைய புதிய மாடல் டியின் விலைக்கே கிடைக்கத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் தம் நினைவு நூலில் அக்காலத்து மாற்றத்துக்கு நான்கு காரணங்களைக் குறிப்பிடுகிறார்: தவணைக் கடன், பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்கும் முறை, மூடிய உடலமைப்பு, ஆண்டுதோறும் மாறும் மாடல். அவருடைய நிறுவனம் கார் வாங்கக் கடன் கொடுப்பதற்கென்றே 1919ல் ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. வசதியுள்ளவர் தம் வண்டியைக் கொடுத்துவிட்டு மேலும் நல்லதொன்றை எடுத்தார். அவர் விட்டுச் சென்ற வண்டி, முதல் கார் வாங்க வந்தவரின் கைக்குப் போனது. வெறும் போக்குவரத்துக்கான மலிவு வண்டி என்னும் இடத்தைப் பழைய கார் பிடித்துக்கொண்டது. 1927ல், ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குப் பிறகு, மாடல் டி நின்றது.

பழைய கார்ச் சந்தை இப்படித்தான் உருவானது. அதோடு கூடவே ஒரு புதிய மனித வகையும் உருவானது: பழைய கார் விற்பவர். தேய்ந்த பற்சக்கரத்தின் ஓசையை அடக்க மரத்தூள் போடுபவர், மீட்டரைப் பின்னோக்கித் திருப்புபவர் என்றெல்லாம் அமெரிக்க நகைச்சுவைகளில் அவர் நிலைபெற்றார். மீட்டரைத் திருத்துவதைக் கூட்டாட்சிச் சட்டத்தால் தடைசெய்ய அந்நாடு 1972 வரை காத்திருந்தது. வாங்கிய பிறகு குறை தெரியவரும் வண்டிக்கு அமெரிக்கக் கொச்சையில் 'எலுமிச்சை' என்று பெயர்.

*

1966ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணிக்குச் சேர்ந்த ஜார்ஜ் அகெர்லாஃபுக்கு வயது இருபத்தாறு. புதிய கார்களின் விற்பனை ஏன் ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது அவருடைய தொடக்கக் கேள்வி. அதைத் தொடர்ந்து போனபோது வேறொரு கேள்வி எதிர்ப்பட்டது: ஷோரூமை விட்டு வெளியே வந்த மறுநாளே ஒரு காரின் விலை ஏன் அவ்வளவு விழுகிறது? ஒரு நாளில் எந்திரம் என்ன தேய்ந்துவிடும்? புதிய பொருளை வைத்திருக்கும் மகிழ்ச்சிக்கான விலை அது என்பது வழக்கமான விளக்கம். அகெர்லாஃபுக்கு அது போதவில்லை.

அவருடைய விடை எளிமையானது. வண்டியைச் சில காலம் ஓட்டியவருக்கு அதன் உண்மை தெரியும். வாங்க வருபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லா வண்டிகளுக்கும் ஏதோ ஒரு சராசரி விலையைத்தான் தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்தச் சராசரி கட்டாது. அவர் விற்காமல் தாமே வைத்துக்கொள்வார். ஆகவே சந்தைக்கு வருபவை கெட்டவையாகின்றன. இது வாங்குபவருக்கும் தெரியும். அவர் விலையை இன்னும் குறைப்பார். ஓரளவு நல்ல வண்டிகளும் அப்போது விலகிக்கொள்ளும். இப்படியே போனால், நல்ல வண்டியை விற்க ஒருவரும் வாங்க ஒருவரும் இருந்தும், அவர்களுக்கிடையே வியாபாரம் நடக்காத நிலை வரலாம். மறுநாளே விற்பனைக்கு வந்த வண்டியின் விலை விழுவது அது தேய்ந்ததால் அல்ல, 'ஏன் விற்கிறார்?' என்னும் சந்தேகத்தால்.

1967 ஜூனில் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு அவர் இந்தியா வந்தார். தில்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஓராண்டு. கட்டுரையை ஏற்க இயலாது என்ற முதல் மறுப்புக் கடிதம் அவருக்கு இந்தியாவில்தான் வந்து சேர்ந்தது. மூன்று இதழ்கள் மறுத்த பின் 1970ல் நான்காவது இதழில் அது வெளிவந்தது. 2001ல் அவருக்கும் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பதிமூன்று பக்கங்களுக்குள் அடங்கிவிடும் அந்தக் கட்டுரையில் இந்தியாவும் இருக்கிறது. கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசியின் நிறமும் வடிவும் கொண்ட கற்களைப் பொறுக்கும் இந்தியப் பெண்கள் வருகிறார்கள். கிராமத்துக் கடன்காரரும் வருகிறார். தகவல் ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாதபோது, அந்த இடைவெளிக்கு ஏழைகள் கொடுக்கும் விலை என்ன என்பதற்கு அவர் கண்ட எடுத்துக்காட்டுகள் அவை.

இந்தியக் கார்கள் மட்டும் அதில் வரவில்லை. வந்திருந்தால் கட்டுரை சற்றுச் சிக்கலாகியிருக்கும். ஏனெனில் அவர் தில்லியில் தங்கியிருந்த அதே குளிர்காலத்தில், இந்நாட்டில் பழைய கார்கள் புதிய கார்களைவிடக் கூடுதல் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன.

*

இந்த நிலைக்கு இந்தியா ஒரே நாளில் வந்து சேரவில்லை. விடுதலைக்கு முன் இங்கே கார்கள் வெளிநாட்டு நிறுவனங்களால் பூட்டிச் சேர்க்கப்பட்டன. ஃபோர்டு 1926லும், பம்பாயில் ஆலை திறந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1928லும் வந்தன. பிர்லா குழுமத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942ல் தொடங்கப்பட்டுப் பின்னர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் நிலைகொண்டது. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944ல் பம்பாயில் உருவானது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர்ப் பக்கம் ஆலை கண்டது. 1953ல் அரசு ஒரு முடிவெடுத்தது: படிப்படியாக முழு வண்டியையும் இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொடரலாம். வெறுமனே பூட்டிச் சேர்த்த அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின.

எஞ்சிய மூவரும் மூன்று வண்டிகளைக் கொடுத்தார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்திலிருந்து வந்த அம்பாசடர். இத்தாலியின் ஃபியட் 1100 (பின்னாளில் பிரீமியர் பத்மினி என்ற பெயரை ஏற்றது). இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்தின்கீழ் யார் எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. கார் ஓர் ஆடம்பரம். அதற்கு அந்நியச் செலாவணியும் எஃகும் செலவிடக் கூடாது என்பது கொள்கை. உணவுக்கே கப்பலை எதிர்நோக்கியிருந்த நாட்டில் அந்தக் கொள்கையை எளிதில் பழித்துவிட முடியாது. ஆனால் அதன் விளைவு வேறாக இருந்தது. 1960களிலும் 70களிலும் நாடு முழுமைக்குமான ஆண்டு உற்பத்தி ஐம்பதாயிரம் கார்களைத் தாண்டவில்லை. விலையும் அரசின் பார்வைக்குள் இருந்தது. 1969ல் ஆணை பிறப்பித்தே விலையை நிர்ணயித்தார்கள். உற்பத்தியாளர்கள் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு காரின் நியாய விலை என்ன என்பதை நீதிபதிகள் 1971ல் உட்கார்ந்து கணக்கிட வேண்டியதாயிற்று.

உற்பத்தி உயராது, விலையும் உயராது என்றால் நீளக்கூடியது ஒன்றுதான்: வரிசை. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரசு ஒதுக்கீடுகள் முதலில் போகும்; மீதியில் பொதுமக்களின் வரிசை நகரும். ஃபியட்டுக்கு வரிசை மிக நீளம், அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் அதைவிடக் குறைவு. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள் என் தலைமுறையின் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு.

இப்போது விலையின் விந்தை விளங்கும். ஷோரூம் விலை என்பது ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைக்கப்போகும் வண்டிக்கான விலை. பழைய வண்டியின் விலை இன்று மாலையே வீட்டுக்கு வரும் வண்டிக்கான விலை. இரண்டும் வெவ்வேறு பொருட்கள். பழைய வண்டியை வாங்கியவர் தேய்ந்த டயருக்கும் என்ஜினுக்கும் விலையைக் குறைத்துக்கொண்டு, வரிசையில் நிற்க வேண்டாத ஆண்டுகளுக்கு விலையைக் கூட்டிக் கொடுத்தார். பல நேரங்களில் கூட்டல் கழித்தலை மிஞ்சியது. கிழக்கு ஜெர்மனியிலும் இதே கதைதான். டிராபன்ட் வண்டிக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடிய டிராபன்ட் புதியதைவிட விலை போனது. பெர்லின் சுவர் விழுந்தபின் மேற்கிலிருந்து பழைய ஃபோக்ஸ்வாகன்கள் வந்து குவியவும், அவ்வளவு காத்திருந்து பெற்ற வண்டிகளைத் தெருவோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

நம் நாட்டில் இன்னோர் உச்சியும் இருந்தது. தூதரகங்களில் ஓடிய வெளிநாட்டு வண்டிகளை அரசு வணிகக் கழகம் விற்பனை செய்யும். பழைய இம்பாலா ஒன்று எந்தப் புதிய இந்திய வண்டியையும்விட உயர்ந்த மதிப்புடையதாயிருந்தது. வெளிநாட்டுக் கார் என்றால் அது அநேகமாக ஏற்கெனவே யாரோ ஓட்டிய கார்தான். அதில் இழிவு எதுவும் இல்லை. 'செகண்ட் ஹேண்ட்' என்னும் சொல்லுக்கு இன்று ஒட்டியிருக்கும் மெல்லிய வெட்கம் அன்று இல்லை என்பது என் நினைவு.

*

என் தந்தை ஆடிட்டர். 1965ல் ஒரு ஃபியட்டுக்குப் பதிவு செய்திருந்தார். தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் என்று வாடிக்கையாளர்கள் இருந்த ஊர்களுக்கெல்லாம் பேருந்தில் கணக்குப் புத்தக மூட்டையோடு போய்வருவார். இரண்டு ஆண்டுகள் பொறுத்தார். 1967ன் இறுதியில் தரகர் ஒருவர் ஹெரால்டைப் பற்றிச் சொன்னார். நாகப்பட்டினம் பக்கத்தில் ஓடிய வண்டி, ஒரே கை, ஓட்டமும் குறைவு.

வண்டியைப் பார்க்கப் பாலக்கரையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனார். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். ஹெரால்டின் முன்பகுதி முழுவதும், மட்கார்டுகள் உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். என்ஜின் முழுக்கக் கண்ணெதிரே நிற்கும். சக்கரத்தின்மீது உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். பாய் என்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டார். புகை பார்த்தார். "என்ஜின் சுத்தம் சார்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அந்த என்ஜின் கடைசிவரை எங்களுக்குத் தொல்லை தரவில்லை.

தொல்லை அடியில் இருந்தது. அக்காலத்து வண்டிகளில் ஹெரால்டு சற்றுப் பழைய பாணி. உடல் தனி, அதைத் தாங்கும் சேஸிஸ் தனி. கடற்கரை ஊரில் ஓடிய அந்தச் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளை உப்புக்காற்று உள்ளிருந்து அரித்திருந்தது. மேலே புதிதாகத் தாரடித்திருந்தார்கள். தாரடித்தால் துரு பிடிக்காது என்று அதைப் பாராட்டியே விற்றார்கள். முதல் மழைக்காலத்தில் ஓட்டுநர் பக்கக் கதவு தாழ்ந்தது. கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்த நாங்கள் அனைவரும் பழகிக்கொண்டோம். இரண்டாம் மழைக்காலத்தில் காரணம் தெரிந்தது. சேஸிஸை வெட்டி ஒட்ட மூன்று மாதங்கள் ஆயின. நகையாகப் போன பணம் எவ்வளவு என்பதை அம்மா பிற்காலத்தில் அவ்வப்போது சொல்லிக் காட்டுவார்.

அகெர்லாஃபைப் பின்னாளில் படித்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம் அந்தத் தார்தான். கார் விலையேறிய பொருளாக இருந்ததால் அறியாமையின் ஆபத்து குறைந்துவிடவில்லை; கூடியது. அமெரிக்காவில் சந்தேகப்பட்டவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது புதியதை வாங்கப் போகலாம். இங்கே சந்தேகப்பட்டவருக்குப் போக இடமில்லை. அவருக்குப் பின்னால் இன்னொருவர் பணத்தோடு நின்றுகொண்டிருந்தார். புதிய வண்டியிலேயே குறைகள் மலிந்திருந்ததால், 'முதலாமவர் ஓட்டிச் சரிசெய்த வண்டி' என்பதே ஒரு சிறப்பாகச் சொல்லப்பட்டது. ஷோரூமிலிருந்து அம்பாசடரை நேரே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அந்நாளைய வேடிக்கைப் பேச்சு. தட்டுப்பாடு விற்பவருக்கு விலையை மட்டும் கொடுப்பதில்லை. பதில் சொல்ல வேண்டாத உரிமையையும் கொடுத்துவிடுகிறது.

1971ல் ஃபியட்டுக்கான கடிதம் வந்தது. ஆறு ஆண்டுகள். ஆனால் அதே ஆவணியில் அத்தையின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இருந்த பணம் அதற்குப் போயிற்று. அப்போது வாடிக்கையாளர் ஒருவர் வந்து பேசினார். பணம் முழுவதும் அவருடையது. வண்டி அப்பா பெயரில் எடுக்கப்படும். சில காலம் கழித்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்குக் கணிசமான தொகை கிடைக்கும். ஊரில் பலரும் செய்துகொண்டிருந்த காரியம்தான். அப்பா மறுத்துவிட்டார். தாம் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் கணக்கில் வராத பணத்தை வாங்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். முறை தவறியது, ஒதுக்கீட்டைக் கைவிட்டார். தாழ்ந்த கதவுள்ள ஹெரால்டையே 1979 வரை ஓட்டினார். அந்தத் தொகையில் சேஸிஸுக்குப் போன நகையை மீட்டிருக்கலாம் என்பது அம்மாவின் கட்சி. இருவரில் யார் சரி என்று இன்றும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

*

வரிசையை உடைத்தது மாருதி என்பார்கள். உண்மையில் அது முதலில் வரிசையை இன்னும் நீளமாக்கியது. 1983ல் இரண்டு மாதங்கள் திறந்திருந்த பதிவில், பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஏறத்தாழ 1,35,000 பேர் பதிவு செய்தனர். கணினிக் குலுக்கலில் முன்னுரிமை முடிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தியிடமிருந்து பெற்றுக்கொண்ட ஹர்பால் சிங் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். தம்மிடமிருந்த ஃபியட்டை விற்றுவிட்டு மாருதி வாங்கியவர். 2010ல் மறையும்வரை அந்த வண்டியை அவர் விற்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் மாருதியைப் பெற்றவர் மறுநாளே லாபத்துக்கு விற்க முடிந்தது. அமெரிக்காவில் ஒரு நாளில் விழும் விலை இங்கே ஒரு நாளில் ஏறியது.

பின்னர் உற்பத்தி பெருகியது. 1991ல் தொழிற்கொள்கை மாறியது. 1993ல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. சென்னையைச் சுற்றியே மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் எழுந்தன. 1998ல் சான்ட்ரோ வந்தபோது வங்கிக் கடனும் கூடவே வந்தது. யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அப்போதுதான், ஸ்லோனின் அமெரிக்காவுக்கு எழுபது ஆண்டுகள் கழித்து, பழைய கார் இந்தியாவில் மலிவான கார் என்றாகியது. 2001ல் மாருதியே பழைய கார்களைச் சோதித்து உத்தரவாதத்தோடு விற்கும் கடைகளைத் திறந்தது. சந்தேகத்துக்கு மருந்தாக அகெர்லாஃப் சொன்னவற்றில் உத்தரவாதமும் நிறுவனப் பெயரும் உண்டு. பாலக்கரை பாயின் காதுக்குப் பதிலாக ஒரு சான்றிதழ் வந்தது.

மாருதி 800ம் அம்பாசடரும் ஒரே ஆண்டில், 2014ல், உற்பத்தி நின்றன. மும்பையின் கடைசி பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன. அவற்றின் பாகங்கள் இன்னும் புதுப்பேட்டையில் எங்காவது கிடைக்கும்.

வரிசையின் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தால், பாக் நீரிணைக்கு அப்பால் பார்க்க வேண்டும். இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய ஜப்பானிய வண்டி, வாங்கிய விலையைத் தாண்டிப் பலமடங்கு ஏறியது. ரூபாய் சரிந்த 2022ல் வங்கியில் போட்டிருந்தவரைவிட வண்டியில் போட்டிருந்தவர் தப்பித்தார். சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்திருக்கும் உரிமையே பத்தாண்டுகளுக்கு ஏலத்தில் விற்கப்படுகிறது. அங்கே பழைய கார் வாங்குபவர் பெரிதும் விலை கொடுப்பது அந்த உரிமையில் எஞ்சியிருக்கும் ஆண்டுகளுக்குத்தான்.

*

தங்கை மகனுக்கு என்ன சொல்வது?

சென்னையில் இருக்கிறான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல, காப்பீட்டு நிறுவனங்களால் ஏலத்தில் விடப்பட்டு, கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன. தாரடித்த சேஸிஸின் பேரப்பிள்ளைகள் அவை. அதன்பின் 2023லும் ஒரு வெள்ளம் வந்துபோயிற்று. எனவே சில காரியங்களை எழுதி அனுப்பினேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எழுந்து வந்துவிடு. கால்விரிப்பைத் தூக்கி மோந்து பார். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் ஒப்பிடு. சர்வீஸ் பதிவுகளில் மீட்டர் ஏறுமுகமாகவே இருக்கிறதா என்று பார். காப்பீட்டில் இழப்பீடு பெற்ற வரலாறு உண்டா என்று கேள். வண்டியை மேலே தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. கடைசியாக, ஏன் விற்கிறீர்கள் என்று உரிமையாளரிடமே கேள். தரகர் பதில் சொல்ல வந்தால் பொறுமையாக இருந்து உரிமையாளரையே மறுபடி கேள்.

இவ்வளவும் செய்ய நேரமும் மனமும் இருந்தால் பழையது வாங்கு. புதிய வண்டி முதல் சில ஆண்டுகளில் இழக்கும் மதிப்பை வேறொருவர் சுமந்துவிட்டிருப்பார். இல்லையென்றால் புதியது வாங்கு. அந்த இழப்பு, தெரியாமையிலிருந்து தப்பிக்க நீ கட்டும் காப்பீட்டுத் தொகை என்று எண்ணிக்கொள். எப்படியாயினும் உன்னை யாரும் ஆறு ஆண்டுகள் நிறுத்தி வைக்கப் போவதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகும் வாய்ப்பு உன் தாத்தாவுக்கு இருக்கவில்லை. அதை அவசரத்தில் வீணாக்காதே.

அவன் மூன்று வாரங்கள் அலைந்தான். நான்கு வண்டிகளை மறுத்தான். ஐந்தாவதாக, அடையாறில் ஓய்வுபெற்ற ஒருவர் வைத்திருந்த வண்டியை வாங்கினான். எடுத்த அன்று மாலை படம் அனுப்பியிருந்தான். படத்தில் வண்டியின் முகம் இல்லை. பணிமனையில் தூக்கி நிறுத்திய வண்டியின் அடிப்பக்கம். துருவில்லாமல், தாரில்லாமல், சற்றுப் புழுதியோடு இருந்தது.

அப்பாவின் பெட்டியில் 1965ஆம் ஆண்டின் அந்த ஃபியட் பதிவுச் சீட்டு இன்னும் இருக்கிறது. அதை அவனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். இது என்ன என்று கேட்டிருக்கிறான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்கிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன்.